குளிர்பதனப் பெட்டி: பயன்பாட்டிலும் கவனம், அகற்றுவதிலும் கவனம்

ஒரு சிறு பொறி என்ன செய்யும் என்பதைத் திருத்தங்கல், சிவகாசி வட்டார மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் சமையலறை மூலையில் நிற்கும் குளிர்பதனப் பெட்டியை நாம் அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை.

2022 நவம்பரில், செங்கல்பட்டு மாவட்டம் ஊரப்பாக்கத்தில், நெடுநாள் பூட்டியிருந்த வீட்டிற்குத் திரும்பிய குடும்பத்தினர் இரவில் உறங்கிக்கொண்டிருந்தபோது குளிர்பதனப் பெட்டி வெடித்துத் தீப்பற்றியது. புகையில் மூச்சுத் திணறி மூவர் உயிரிழந்தனர்.

பழைய பெட்டிகளில் இருந்த ஆர்-12 வாயு எளிதில் தீப்பற்றாது. ஆனால் ஓசோன் படலத்தைச் சிதைப்பது. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன் உள்ளது. இது சமையல் எரிவாயுவின் இனத்தைச் சேர்ந்தது. காற்றை விடக் கனமானது. அளவு சில பத்து கிராம்தான். எனினும் கசிந்து ஓரிடத்தில் தேங்கினால் ஒரு பொறி போதும். பெட்டியின் பின்புறம் அல்லது கம்ப்ரசர் மீதுள்ள சீட்டில் வாயுவின் பெயரைக் காணலாம்.

ஆகவே உறைபனியைக் கத்தியால் குத்திப் பெயர்க்காதீர்கள். குழாயில் துளை விழும். ஸ்பிரிட், தின்னர் போன்றவற்றை உள்ளே வைக்காதீர்கள். எர்த் இணைப்புள்ள தனிச் செருகியைப் பயன்படுத்துங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே காற்றோட்டம் இருக்கட்டும். நெடுநாள் பூட்டிய வீட்டில், முதலில் சன்னல்களைத் திறந்து, வயரை எலி கடித்துள்ளதா எனப் பார்த்த பின்னரே இணைப்புக் கொடுங்கள்.

அச்சத்தால் இரவில் பெட்டியை நிறுத்திவிடுவதும் தவறு. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனாலும் பயன்படாது.

தீப்பற்றினால், எட்டும் தொலைவில் இருந்தால் மட்டும் மெயின் சுவிட்சை அணையுங்கள்; தண்ணீர் ஊற்றாதீர்கள்; குனிந்தபடி வெளியேறி 101, 108 எண்களை அழையுங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, உறங்குபவர் விழிக்கும் முன்பே நினைவிழக்கச் செய்துவிடும். புகையைச் சுவாசித்தவர் நலமாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மூச்சுக்குழாய் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் ஏற்படக்கூடும். தீக்காயத்தின் மீது 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிடுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மை எதுவும் வேண்டாம்.

பயன்பாடு முடிந்த பெட்டியிலும் ஆபத்து முடிவதில்லை. ஒளிந்து விளையாடும் குழந்தைகள் உள்ளே சிக்கி இறந்ததனால், கதவு உள்ளிருந்தும் திறக்க வேண்டும் என அமெரிக்கா 1956இல் சட்டமே இயற்றியது. பெட்டியை வாசலிலோ மாடியிலோ போடும் முன் கதவைக் கழற்றிவிடுங்கள். செம்புக் குழாய்க்காக அதை வெட்ட எவரையும் அனுமதிக்காதீர்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளில் குளிர்பதனப் பெட்டியும் அடங்கும். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ, புதியது வாங்கும் கடையின் மாற்றுத் திட்டத்திலோ ஒப்படைப்பதே முறை.

இன்று மாலையே பெட்டியின் பின்புறச் சீட்டைப் படித்து, வயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.