ஒரே ஜன்னல், 14 வருஷம்!

போட்டோ என்றால் நம் வீடுகளில் என்ன? கல்யாணம், காதுகுத்து, குழந்தையின் பிறந்த நாள். மரத்தையும் வானத்தையும் படம் எடுப்பதெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் காரியம் என்று ஒதுக்கிவிடுகிறோம். "எனக்கும் ஆசைதான்க்கா. கைக்குழந்தையை வச்சுக்கிட்டு எங்கே நகர முடியுது?" என்று எதிர் வீட்டுப் பெண் குறைப்பட்டுக்கொண்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பிராக் நகரத்தில் யோசப் சுடெக் என்று ஒருவர் இருந்தார். 1896-ல் பிறந்தவர். புத்தகம் பைண்டு செய்யும் தொழில் கற்றவர். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தார். ஒற்றைக் கையால் பைண்டிங் எப்படிச் செய்வது? காமிராவைப் பிடித்துக்கொண்டார். அதுவும் கைப்பைக்குள் போகிற காமிரா இல்லை. ஸ்டாண்டில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கிற பெரிய பெட்டி!

ஆரம்பத்தில் அந்தக் கால வழக்கப்படி, மெல்லிய திரை போட்டாற்போன்ற படங்கள் எடுத்தார். பிறகு செயின்ட் வைட்டஸ் தேவாலயத்தில் கட்டட வேலை நடந்தபோது, தூண்களோடு தூசியையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் சேர்த்தே எடுத்தார். வயிற்றுப்பாட்டுக்கு விளம்பரப் படங்கள். 1939-ல் ஜெர்மன் படைகள் ஊரைப் பிடித்தன. தெருவில் காமிராவைத் தூக்கிக்கொண்டு சுதந்திரமாக அலைய முடியாத காலம். 1940-ல் தன் ஸ்டூடியோ ஜன்னல் பக்கம் காமிராவைத் திருப்பினார். 1954 வரை திருப்பித் திருப்பி அதே ஜன்னல்!

வெளியே ஏதோ பிரமாதமான காட்சி என்று நினைத்துவிடாதீர்கள். சின்னத் தோட்டம், கோணல்மாணலாக ஒரு மரம், அவ்வளவுதான். ஆனால் நடுவில் கண்ணாடி இருக்கிறதே! குளிர்காலத்தில் அதில் உறைபனி படிகிறது. மழையில் சொட்டுச் சொட்டாக வழிகிறது. அறைக்குள் இருக்கும் ஈரத்தில் புகை மூட்டம் போல் மங்குகிறது. சில படங்களில் மரம் தெளிவாக நிற்கிறது. சிலவற்றில் கண்ணாடியில் நிற்கும் நீர்த்துளிதான் காட்சி, மரம் பின்னால் நிழலாட்டம். ஒரே இடத்தில் இவ்வளவு இருக்கிறதா என்று மலைப்பாக இருக்கும்.

இருட்டறை வேலையில் அவருக்குக் கைகொடுத்தவர் தங்கை போஷெனா. அண்ணனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் தங்கைக்கு ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்களே என்று எனக்கு ஓர் ஆதங்கம்.

ஜன்னலோடு அவர் நின்றுவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டுப் பழைய கோடக் காமிரா ஒன்றில், அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளமாகப் பிராக் நகரத்தையும் ஆற்றையும் சுற்றுப்புறத்தையும் எடுத்தார். அது 1959-ல் புத்தகமாக வந்தது. ஜன்னலில் பழகிய கண் அல்லவா, ஆளில்லாத பாதைகூட அதில் பேசுகிறது.

நான் இரண்டு வருஷமாக அடுப்படி ஜன்னலிலிருந்து பக்கத்து மனை வேப்பமரத்தைச் செல்போனில் எடுத்து வருகிறேன். "இதையே எத்தனை தடவைம்மா?" என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்! கைப்பழக்கத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அறை விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லையேல் கண்ணாடியில் நம் முகமும் தாளிக்கிற கரண்டியும்தான் தெரியும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். திரையில் துளியைத் தொட்டால் துளி தெளிவாகும், மரத்தைத் தொட்டால் மரம். இரண்டு விதமாகவும் எடுத்து வைத்துக்கொண்டு, வேலை ஓய்ந்த பிறகு பாருங்கள். பிடிக்காததையும் உடனே அழிக்காதீர்கள். மாசியில் இலை உதிர்ந்து நின்ற மரத்தை ஐப்பசிப் படத்தோடு வைத்துப் பார்த்தபோதுதான், அதன் கிளைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதே எனக்குப் புரிந்தது.

அந்த மனையில் தை பிறந்ததும் வீடு கட்டப் போகிறார்களாம், ஏற்கெனவே செங்கல் இறக்கியாயிற்று. மரத்தை விடுவார்களோ வெட்டுவார்களோ, தெரியவில்லை. பால் காய்கிற நேரத்தில் தினம் ஒரு படம் எடுத்துவிடுகிறேன்.