வீடு தேடி வரும் புத்தகம்: எமது சமூகத்திற்கு ஒரு படிப்பினை

பலஸ்தீன மக்களுக்கு இழைக்கப்படும் அநீதியை நாம் கண்டிக்கிறோம், தொடர்ந்தும் கண்டிப்போம். எனினும், யூத சமூகம் தன் பிள்ளைகளின் சமயக் கல்வியை எவ்வாறு பேணுகிறது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும் என்பது எனது கருத்து.

அமெரிக்காவின் மேற்கு மசசூசெட்ஸ் பகுதியில் 2005ஆம் ஆண்டு, ஹரோல்ட் கிரின்ஸ்பூன் என்ற தனவந்தரின் அறக்கட்டளை 'பிஜே லைப்ரரி' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. பதிவு செய்யும் குடும்பங்களின் சிறு பிள்ளைகளுக்கு யூதப் பண்டிகைகள், விழுமியங்கள் பற்றிய கதைப் புத்தகங்கள், அவர்களின் வயதுக்கேற்ப, இலவசமாகத் தபாலில் வரும். செலவை உள்ளூர் யூத அமைப்புகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஓர் ஊரில் ஆரம்பித்த பணி இன்று பல நாடுகளுக்குப் பரவியுள்ளது.

இதில் நான் காணும் முக்கிய விடயம், பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் பெற்றோரும் சேர்ந்தே கற்கிறார்கள் என்பதாகும்.

நாமோ, பிள்ளையைக் குர்ஆன் மத்ரஸாவிலும் அஹதிய்யாவிலும் சேர்த்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என எண்ணுகிறோம். பள்ளிவாசல் கட்டடங்களுக்கு வாரி வழங்கும் எமது தனவந்தர்கள், ஒரு மஹல்லாவின் வீடுகளுக்காவது தமிழிலும் சிங்களத்திலும் நல்ல சிறுவர் நூல்களை அனுப்பிப் பார்க்கலாமே! வாசிப்பை ஏவிய வஹியுடன் ஆரம்பித்த உம்மத் அல்லவா நாம்?