நெஞ்சுக்குள் ஒரு பள்ளிக்கூடம்!

குட்டீஸ்... உங்கள் நெஞ்சின் நடு எலும்பைத் தொட்டுப் பாருங்கள். அதற்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. அதன் பெயர் தைமஸ் சுரப்பி. உங்கள் வயதில்தான் அது நன்றாக வளர்ந்திருக்கும். வயது ஏற ஏறச் சுருங்கிவிடும். ஆகவே, தாத்தாவுடையதைவிட உங்களுடையதுதான் பெரிது!

அங்கே படிக்கும் மாணவர்கள் யார் தெரியுமா? வெள்ளை அணுக்களில் ஒரு வகையான 'டி செல்'கள். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ரத்தத்தின் வழியே தைமஸுக்கு வந்து சேர்கின்றன. தைமஸ் என்பதன் ஆங்கில முதல் எழுத்துதான் அந்த 'டி'.

பல காலம் தைமஸால் பெரிய பயன் இல்லை என்றே நினைத்திருந்தனர். 1961ல் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி லண்டனில் ஒரு சோதனை செய்தார். பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை நீக்கிப் பார்த்தார். அவற்றால் நோய்க்கிருமிகளை எதிர்க்க முடியவில்லை. அப்போதுதான் அதன் அருமை புரிந்தது.

கடுமையான பரீட்சை

தைமஸில் இரண்டு பரீட்சைகள் உண்டு. நம் உடல் செல்கள் காட்டும் அடையாளத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். இது முதல் பரீட்சை. நம் உடலையே தாக்கக் கூடாது. இது இரண்டாவது. 100 செல்கள் எழுதினால் 90க்கும் மேல் பெயில்! பெயிலானவை அங்கேயே அழிந்துவிடும்.

பாஸானவற்றுக்கு வேலை தயார். கொல்லும் டி செல்கள், வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும். உதவி டி செல்கள், மற்ற வெள்ளை அணுக்களுக்குக் கட்டளையிடும். அடக்கும் டி செல்கள், 'சண்டை போதும்' என்று நிறுத்தும்.

டி செல் இல்லாவிட்டால்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், 1971ல் டேவிட் வெட்டர் என்ற சிறுவன் பிறந்தான். பரம்பரைக் குறையால் அவன் உடலில் டி செல்கள் உருவாகவில்லை. சாதாரணக் கிருமிகூட அவன் உயிரைப் பறித்துவிடும். எனவே பிறந்தவுடனே, கிருமிகள் நுழைய முடியாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்தனர். பால், துணி, பொம்மை எல்லாம் கிருமி நீக்கித்தான் உள்ளே போகும். அம்மாகூடக் கூடாரத்தில் பொருத்திய கையுறைகள் வழியாகத்தான் அவனைத் தொட முடிந்தது. 1977ல் நாசா அவனுக்காக ஒரு தனி உடை செய்து கொடுத்தது. அதை அணிந்துதான் அவன் வெளியே நடந்து பார்த்தான்.

1983ல் அக்காவின் எலும்பு மஜ்ஜையை அவனுக்குச் செலுத்தினர். அதில் ஒரு வைரஸ் ஒளிந்திருந்தது. அக்காவின் டி செல்கள் அதை அடக்கி வைத்திருந்ததால், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. டேவிட்டிடம் அந்தக் காவல் இல்லையே! வைரஸ் புற்றுநோயை உண்டாக்க, 1984 பிப்ரவரி 22ல் அவன் இறந்தான். வயது 12.

இந்தக் குறைக்குக் காரணமான ஜீனை 1993ல் கண்டுபிடித்தனர். இன்று அமெரிக்கா முழுவதும், பிறந்த குழந்தையின் சில சொட்டு ரத்தத்திலேயே இந்த நோயைத் தேடுகின்றனர். சீக்கிரம் கண்டுபிடித்து மஜ்ஜை மாற்றினால், பெரும்பாலான குழந்தைகள் பிழைத்து விடுகின்றனர்.

தப்பான கட்டளை

டி செல் இல்லாவிட்டால் ஆபத்து. இருக்கும் டி செல் ஆளை மாற்றி எதிரி என்று நினைத்தால்? அதுதான் அலர்ஜி!

தூசி, மகரந்தம், வேர்க்கடலை இவை கிருமிகள் இல்லை. ஆனால், சிலரது உதவி டி செல்கள் இவற்றை எதிரி என்று முடிவு செய்து கட்டளை போடும். உடனே பி செல்கள் ஒருவகை எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். அது மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மறுபடி அதே தூசி வந்ததும், மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டும். அச்... அச்... தும்மல்! அரிப்பு, தடிப்பு, சிலருக்கு மூச்சிரைப்பும் வரும்.

'போதும்' என்று சொல்லும் அடக்கும் டி செல்களை, 1995ல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி அடையாளம் காட்டினார். அவருக்கும், அவற்றை உருவாக்கும் ஜீனைக் கண்டறிந்த அமெரிக்கர்கள் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஜீன் பழுதான குழந்தைகளுக்குக் கடுமையான தோல் அழற்சியும், அலர்ஜியும் வருகின்றன. சண்டை போடத் தெரிந்தால் மட்டும் போதாது, நிறுத்தவும் தெரிய வேண்டும் என்பது இதிலிருந்தே புரிகிறது அல்லவா?

உங்கள் வகுப்பில் யாராவது இன்ஹேலர் வைத்திருக்கலாம்; கடலை மிட்டாய் நீட்டினால், 'வேண்டாம்' என்று சொல்லலாம். கேலி செய்யாதீர்கள், சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சில அலர்ஜிகள் உயிருக்கே ஆபத்தானவை. மூச்சுத் திணறினால், ஓடிப்போய் டீச்சரிடம் சொல்லுங்கள். சரியா, குட்டீஸ்?