பாதி லென்ஸை மூடினால் பாதிப் பிம்பமா?

ஒரு மின்விளக்கு, ஒரு குவிலென்ஸ், ஒரு வெள்ளைத் திரை. விளக்கின் தலைகீழ்ப் பிம்பம் திரையில் பளிச்சென்று விழுந்திருக்கிறது. லென்ஸின் மேல்பாதியை அட்டையால் மூடிவிட்டால் அந்தப் பிம்பம் என்ன ஆகும்?

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் கோல்ட்பெர்க்கும் லிலியன் மெக்டெர்மாட்டும் கல்லூரி மாணவர்களிடம் இதைக் கேட்டார்கள். பாதிப் பிம்பம் மறைந்துவிடும் என்றார்கள் பலர். ஒளியியல் பாடத்தை முடித்தவர்களிலும் கணிசமானோர் அப்படியே சொன்னதாக 1987-இல் வெளியான அவர்களின் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. உண்மையில் பிம்பம் முழுசாகவே இருக்கும். வெளிச்சம்தான் மங்கும்.

விளக்கின் உச்சியில் உள்ள ஒரு புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒளி எல்லாத் திசைகளிலும் கிளம்பி, லென்ஸின் பரப்பு முழுவதிலும் விழுகிறது. எந்த இடத்தில் நுழைந்தாலும் வளைந்து திரையில் ஒரே புள்ளியில் போய்ச் சேருகிறது. மேல்பாதியை அடைத்தாலும் கீழ்ப்பாதி வழியாக வரும் ஒளி அதே புள்ளியைத் தொட்டுவிடும். விளக்கின் ஒவ்வொரு புள்ளிக்கும் இதே கதைதான்.

குழப்பத்தில் பாடப்புத்தகப் படத்துக்கும் பங்கு உண்டு. முதன்மை அச்சுக்கு இணையாக ஒரு கோடு, ஒளியியல் மையம் வழியாக இன்னொரு கோடு; இரண்டும் வெட்டும் இடத்தில் பிம்பம். வரைவதற்குத் தோதானவை என்பதால் தேர்ந்தெடுத்த கதிர்கள் இவை. படத்தை மட்டும் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கோ ஒளி இந்த இரண்டு வழியில்தான் போகிறது என்றே பதிந்துவிடுகிறது. இதை மாணவரின் சோம்பல் என்று ஒதுக்குவது அநியாயம். அவர்கள் படத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். படத்தில் இல்லாத கோடுகளை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

லென்ஸை எடுத்துவிட்டால் பிம்பம் நிமிர்ந்துவிடும் என்று சொன்னவர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். விளக்கின் உருவம் அப்படியே கிளம்பிப் பயணம் செய்கிறது, லென்ஸ் அதைக் கவிழ்த்துவிடுகிறது என்பது அவர்கள் கணக்கு. லென்ஸ் இல்லாத திரையில் வெறும் வெளிச்சம்தான் பரவியிருக்கும்.

ஒளி பற்றிய குழப்பம் லென்ஸோடு நிற்பதில்லை. மெழுகுவத்தியின் ஒளி பகலைவிட இரவில் அதிக தூரம் போகும் என்று நம்பும் சிறுவர்களை 1980 வாக்கில் நியூசிலாந்து ஆய்வாளர்கள் சந்தித்தார்கள். சுற்றிலும் வெளிச்சம் இருக்கும்போது அந்த ஒளி நம் கண்ணுக்கு எடுபடுவதில்லை, அவ்வளவுதான். ஒளி பெரிய அறிஞர்களையும் குழப்பியிருக்கிறது. பார்வைக் கதிர் கண்ணிலிருந்து புறப்படுகிறது என்று பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடே எழுதியிருக்கும்போது, பிள்ளைகள் தடுமாறுவதில் வியப்பென்ன? சூரியனை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கிறதே, ஒளி வெளியிலிருந்து வருவதற்கு அதுவே சாட்சி என்று 11-ஆம் நூற்றாண்டில் வாதிட்டவர் அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம்.

இத்தகைய குழப்பங்களைத் தீர்க்க, விளக்கிச் சொல்வதைவிட முதலில் கணிக்கச் சொல்வது பலன் தருகிறது. மெக்டெர்மாட் குழுவின் பயிற்சிகள் அப்படித்தான் அமைந்தன. இருட்டறையில் சின்னஞ்சிறு பல்பு, எதிரே முக்கோணத் துளையிட்ட அட்டை, அதற்குப் பின்னால் திரை. திரையில் முக்கோண வெளிச்சம் விழும் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதே பல்புக்கு நேர்மேலே இன்னொன்றை வைத்தால்? இரண்டு முக்கோணங்கள். இனி, மேலே உள்ள பல்பை இன்னும் உயர்த்தினால் அதன் முக்கோணம் மேலே போகுமா, கீழே இறங்குமா? விடையை நோட்டில் எழுதிவைத்த பிறகுதான் பல்பை உயர்த்த வேண்டும். முக்கோணம் கீழே இறங்கும். பேனாவை எடுத்து, பல்பிலிருந்து துளை வழியாகத் திரைக்கு ஒரு நேர்கோடு இழுத்துப் பார்க்க அதுவே சரியான நேரம்.