சீமைப் பிரயாணமும் சோற்றுப் பிரச்னையும்

செங்கற்பட்டுச் சீமைக்காரர்களுக்குக் கடல் யாத்திரை புதிதன்று. பல்லவர் காலத்தில் மாமல்லபுரம் பேர்பெற்ற துறைமுகம். இன்றோ முப்பது நாற்பது பேர் கூட்டமாய்ச் சேர்ந்து, மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி, பத்தே நாளில் ஐரோப்பாவைச் சுற்றி வருகிறார்கள். திரும்பியவர்களிடம் ஐபெல் கோபுரத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தையில் முடிப்பார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாலோ இரண்டு மணி நேரம் சொல்வார்கள்!

இந்தச் சங்கடம் மகாத்மாவையும் விடவில்லை. 1888-ஆம் வருஷம் செப்டம்பரில் பம்பாயில் கப்பலேறிய வாலிபர் காந்திக்கு, பதார்த்தங்களில் மாமிசம் கலவாதது எது என்று கேட்கக் கூச்சம். தம் அறையிலேயே இருந்து, கொண்டுபோன தித்திப்புப் பண்டங்களையும் பழங்களையும் உண்டே பெரும்பாலும் காலம் கழித்தார். லண்டனிலும் அரைவயிறுதான், பாரிங்டன் தெருவில் சைவ விடுதி ஒன்றைக் கண்டபிறகே வயிறார உண்டார். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற கணித மேதை ராமானுஜன் தம் கையாலேயே சமைத்துக்கொண்டார். கூட்டத்தோடு போகிறவர்களுக்கோ அடுப்பு மூட்ட இடமுமில்லை, விடுதி தேட அவகாசமுமில்லை. ஆகவே ஏற்பாடெல்லாம் புறப்படுமுன்பே ஆகவேண்டும்.

முதலாவது, "நான் சைவம்" என்றால் போதாது. ஜப்பானில் ரசம் போன்ற குழம்புகளுக்கு உலர்ந்த மீன் சாறே ஆதாரம். தாய்லாந்தில் கறிகாயிலும் மீன் சாறு விழும். எது ஆகும், எது ஆகாது என்பதைப் பொருள் பொருளாக அந்நாட்டுப் பாஷையில் சீட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விமானத்தில் "ஹிந்து மீல்" என்ற பெயரைக் கண்டு மயங்கவேண்டாம். அதில் மாட்டு மாமிசம் இராதே தவிர, மற்ற மாமிசம் இருக்கலாம். "ஏஷியன் வெஜிடேரியன்" என்பதே நமக்கு உகந்தது. பெரும்பாலும் ஒரு நாள் முன்னதாகவேனும் தெரிவிக்கவேண்டும். திரும்பும் விமானத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, கட்டுச்சாத மூட்டை. ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குள் நெய்யும் பால்கோவாவும் கொண்டுபோகக் கூடாது. ஆஸ்திரேலியாவில் பருப்புப் பொடியானாலும் சுங்கத்தில் சொல்லிவிடவேண்டும், மறைத்தால் அபராதம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது தேக நிலை. ருசிக்காமல் ஒருவேளை பட்டினி கிடப்பதால் பெரிய கேடில்லை. இன்ஸுலின் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பதோ உயிருக்கே ஆபத்து; ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மூர்ச்சை போடும். நீரிழிவுள்ள பெரியவர்கள் மருந்தையும் டாக்டர் சீட்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். சட்டைப்பையில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். வேர்க்கடலை ஒவ்வாத குழந்தைகள் இருந்தால் கட்டாயம் விசாரியுங்கள்; கடலை, பால், எள் முதலிய 14 பொருள்கள் உணவில் உண்டா என்று தெரிவிப்பது ஐரோப்பிய யூனியனில் 2014 டிசம்பர் முதல் சட்டம்.

2022-இல் சதுரங்க ஒலிம்பியாடுக்காக 180-க்கு மேற்பட்ட தேசத்தார் மாமல்லபுரத்துக்கு வந்தார்கள். இன்றும் அவ்வூர் ஹோட்டல்களில் வெள்ளைக்காரர்கள் "இதில் கடலை உண்டா? காரம் எவ்வளவு?" என்று கூசாமல் கேட்டே உட்காருகிறார்கள். நம் ஊருக்கு வந்து அவர்கள் கேட்கும்போது, அவர்கள் ஊருக்குப் போய் நாம் கேட்பதில் வெட்கம் என்ன?