உங்களுக்குத் தெரியுமா? பொலிஸ் அடித்தால் யார் மீது வழக்கு?

அமெரிக்காவில் பொலிஸார் அத்துமீறினால் பெரும்பாலும் அந்த நகரமே நட்டஈடு கட்டுகிறது. யாழ். மாநகர சபைக்கோ பொலிஸ் மீது அதிகாரமே இல்லை. மாறாக, 1981இல் அந்தச் சபையின் நூலகத்தை எரித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் பொலிஸாரும் அடக்கம்.

இலங்கையில் சித்திரவதைக்கு உள்ளானவர், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு தாக்கல் செய்ய வேண்டும். அதுவும் ஒரே மாதத்துக்குள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கு இது எப்படிப் போதும்? ஆனால் அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. பலருக்கும் தெரியாத வழி இது.

வழக்கில் வென்றாலும் பொலிஸார் தண்டம் கட்டுவார்கள் என்பதற்கில்லை. 1983இல், இத்தகைய அடிப்படை உரிமை மனு ஒன்றில், துண்டுப்பிரசுரங்களைப் பறித்த பொலிஸ் அத்தியட்சகர் உடுகம்பொலவை 10,000 ரூபா கட்டுமாறு உயர் நீதிமன்றம் பணித்தது. அரசாங்கம் அதை அரச பணத்திலேயே கட்டி, அவருக்குப் பதவி உயர்வும் கொடுத்தது!