வாயுவுக்கு இடங்கொடுக்கும் உலோகங்கள்

ஜலவாயு என்று பழைய பாடப் புத்தகங்கள் பெயரிட்டழைத்த ஹைட்ரஜனைவிட இலேசான வாயு வேறில்லை. ஒரு கிலோகிராம் ஹைட்ரஜன் சாதாரண நிலையில் 11,000 லிட்டருக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். வருங்கால எரிபொருள் இதுவே என்று கருதி நமது பாரத அரசாங்கமும் 2023-ஆம் ஆண்டில் இதற்கெனப் பெருந்திட்டம் வகுத்தது. ஆனால் இத்தகைய வாயுவை எங்கே வைத்துக் காப்பது? உலோகத்தினுள் வைக்கலாம் என்கிறது ரஸாயன சாஸ்திரம். எந்த உலோகத்தில் என்பதுதான் கேள்வி.

லிதியம், ஸோடியம், கால்ஸியம் ஆகியவை சூடேறிய நிலையில் ஹைட்ரஜனோடு கூடினால் உலோகத் தன்மையையே இழந்து உப்பைப் போலாகிவிடுகின்றன. உலோகம் தன் எலெக்ட்ரானை ஹைட்ரஜனுக்குத் தானம் செய்துவிடுவதே காரணம். கால்ஸியம் ஹைட்ரைடின்மீது தண்ணீர் பட்டால் வாயு பொங்கியெழும். ஒரு கிலோகிராமிலிருந்து 1,000 லிட்டருக்குமேல் கிடைக்கும். வானிலை ஆராயும் பலூன்களை நிரப்ப இது பயன்பட்டதுண்டு. ஆனால் கடைசியில் மிஞ்சுவது, நாம் வெற்றிலைக்குத் தடவும் நீற்றுச் சுண்ணாம்பு! அதைக்கொண்டு மீண்டும் வாயுவைப் பிடிக்க இயலாது.

பல்லேடியத்தின் போக்கே வேறு. லண்டன் நாணயசாலையின் தலைவராயிருந்த தாமஸ் கிரஹாம், அவ்வுலோகம் தன் கன அளவைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உட்கொள்வதை 1866-இல் கண்டறிந்தார். வாயுவின் மூலக்கூறு உலோகத்தின் மேற்பரப்பில் இரண்டு அணுக்களாகப் பிரிந்து, உலோக அணுக்களின் இடைவெளிகளில் குடிபுகுகிறது. உலோகம் சற்றே பருக்கும். ஆயினும் உலோகமாகவே இருக்கும். சூடேற்றினால் வாயு வெளியேறிவிடும். வந்த விருந்தாளி வீட்டை இடிக்காமல் போவது போல!

பல்லேடியமோ விலையுயர்ந்தது. ஆகவே லாந்தனமும் நிக்கலும் கலந்த உலோகக் கலவை பிற்காலத்தில் புகழ் பெற்றது. சாதாரண உஷ்ணத்திலேயே வாயுவை ஏற்கவும் விடவும் வல்லது. கன அளவுக்குக் கன அளவு, திரவ ஹைட்ரஜனைவிட அதிகமாகவே அடக்குகிறது. குறை அதன் எடையில்தான். வாயு நிறைந்த 100 கிலோகிராம் கலவையில் ஹைட்ரஜன் சுமார் 1.4 கிலோகிராமே. மக்னீஸியமாயின் 7.6 கிலோகிராம் வரை கொள்ளும். ஆனால் இறுகப் பிடித்துக்கொண்டு, சுமார் 300 டிகிரி ஸென்டிகிரேட் சூடு கண்டால்தான் கைவிடும்.

காசி ஹிந்து சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய உலோகத் தூளில் ஹைட்ரஜனை அடைத்து மோட்டார் சைக்கிளையே ஓட்டிக் காட்டினார்கள். அங்கே சுமை ஒரு தடைதான். ஆனால் ஜர்மனியின் 212 ரக நீர்மூழ்கிக் கப்பல் ஹைட்ரஜனை உலோகத்திலேயே சுமந்து செல்கிறது. கடலில் மூழ்க வேண்டிய கப்பலுக்கு எடை ஒரு குறையன்று.